அப்பாவிடம் ‘சாப்பிட்டீங்களா நைனா’வுக்கு மேல் என்ன பேசுவது?

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிப் பக்கத்துக்காரர் ஒருவர் கேட்ட கேள்வி. சுருக்கித் தருகிறேன். வயது முப்பதுகளில். சென்னையில் வேலை, மாதத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போகிறார். வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. “நாள் முழுக்க எல்லாரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், ஆனால் யாரும் யாரிடமும் மனம்விட்டு ஒன்றும் பேசுவதில்லை. அப்பாவிடம் சாப்பாடு, மாத்திரை, கரண்ட் பில் தவிர வேறு பேச்சு கிடையாது. நண்பர்கள் குழுவில் மீம் மட்டும்தான். மனித உறவு, வாழ்க்கையின் சிக்கல், விழிப்போடு வாழ்வது என்று நிறைய வீடியோ பார்க்கிறேன். பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் வாய் அடைத்துக்கொள்கிறது. மனைவியிடம் முயன்றால் ‘என்ன, விசாரணை நடத்துறீங்களா?’ என்கிறாள். எங்கே ஆரம்பிப்பது?”

நானும் அந்தப் பக்கம்தான், புத்தூர். கல்லூரியில் உளவியல் பாடம் நடத்திவிட்டு, இப்போது குடும்பச் சிக்கலோடு வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால் பதிலில் பாடமும் வரும், ஊர்க்கதையும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, ஆழமான பேச்சுக்கு ஆழமான தலைப்பு தேவையில்லை. மரணம், அன்பு, வாழ்க்கையின் பொருள் என்று பேசினால் ஆழம், நூல் விலை பேசினால் மேலோட்டம் என்று வீடியோக்கள் ஒரு எண்ணத்தை உண்டாக்கிவிட்டன. மரணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் மேலோட்டமாகப் பேச முடியும். சாவு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெரியும். நூல் விலையைப் பற்றிய பேச்சில் ஒரு மனிதர் தன் பயம் முழுவதையும் சொல்லிவிடவும் முடியும். அவர் ஒன்று சொன்ன பிறகு நீங்கள் அடுத்து என்ன கேட்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உங்கள் அப்பா, “இந்த மாசம் நூல் ஏறிடுச்சு” என்கிறார். வழக்கமாக நாம் சொல்வது: “எல்லா இடத்துலயும் அப்படித்தான் நைனா.” முடிந்தது. அவர் எழுந்து போய்விடுவார். அதற்குப் பதில், “ஏறினா முதல்ல எதை நிறுத்துவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “ரெண்டு தறியை நிறுத்தணும். ஆனா அதுல ஓட்டுற பையனை எப்படிப் போகச் சொல்றது, அவங்க அப்பன் காலத்துலேர்ந்து நம்ம வீட்டுல...” என்று ஆரம்பிக்க இடம் இருக்கிறது. இப்போது பேச்சு நூல் விலையைப் பற்றியது இல்லை. அவர் எப்படிப்பட்ட மனிதர், யாருக்குக் கடன்பட்டிருப்பதாக நினைக்கிறார், எதற்கு வெட்கப்படுவார் என்பதைப் பற்றியது. நீங்கள் கேட்டது ஒரு சாதாரணக் கேள்விதான். அவர் சொன்னதிலிருந்தே எடுத்த கேள்வி என்பதால் வேலை செய்தது.

ஹார்வர்டில் கேரன் ஹுவாங்கும் அவருடைய சகாக்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. முன்பின் தெரியாதவர்களைப் பேசவிட்டுப் பார்த்தார்கள். அதிகம் கேள்வி கேட்டவர்களை எதிராளிக்கு அதிகம் பிடித்திருந்தது. அதிலும் பலன் பெரும்பாலும் தொடர் கேள்விகளால் வந்தது, அதாவது மற்றவர் இப்போது சொன்னதைப் பிடித்துக்கொண்டு கேட்கிற கேள்விகளால். பேச்சை வேறு பக்கம் திருப்புகிற கேள்விகள் அவ்வளவு உதவவில்லை. நம் வீடுகளில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் திருப்புகிற கேள்விகள். “லோன் கட்டியாச்சா? அவங்க கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வெச்ச?”

அப்புறம், சின்னப் பேச்சைக் கேவலமாக நினைக்காதீர்கள். 2010-ல் மத்தியாஸ் மெல் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்கள் 79 பேருக்கு ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மாட்டிவிட்டு, சில நாள் அவர்கள் பேச்சைத் துண்டு துண்டாகப் பதிவு செய்தார். மகிழ்ச்சியாக இருந்தவர்களிடம் விஷயமுள்ள பேச்சு அதிகம், வெற்றுப்பேச்சு குறைவு என்று வந்தது. உடனே ‘சின்னப் பேச்சு பேசாதே’ என்று ஊரெல்லாம் உபதேசம் கிளம்பியது. 2018-ல் அதே குழு இன்னும் நிறைய பேரை வைத்துத் திரும்பப் பார்த்தபோது, விஷயமுள்ள பேச்சுக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள தொடர்பு நிலைத்தது. சின்னப் பேச்சு கெடுதல் செய்கிறது என்பது நிலைக்கவில்லை. சின்னப் பேச்சால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. இந்த இரண்டாவது முடிவை யாரும் வீடியோ போடுவதில்லை.

சொல்லப்போனால் ‘சாப்பிட்டீங்களா’வை நீங்கள் கொஞ்சம் அவசரப்பட்டு ஒதுக்குகிறீர்கள். புத்தூர்க்கட்டு போடுகிற இடத்துக்கு ஒரு தடவை போயிருப்பீர்கள், நம் பக்கத்தில் கை கால் முறியாத வீடு ஏது. தமிழ்நாடு, கர்நாடகம், ராயலசீமை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து காத்திருப்பார்கள். அங்கே ஒரு நாள் வேலூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி, மணிக்கட்டு வீங்கின பையனை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கடப்பைப் பக்கத்துப் பெரியவர், காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. “ஏமாயிந்தம்மா?” என்றார். என்ன ஆச்சும்மா. “மாடிப்படியில விழுந்துட்டான்” என்று அவள் தமிழில் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை. பையனுடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளே, “நான்தான் அடிக்க ஓங்கினேன், ஓடினான்” என்றாள். பெரியவர் அதற்கு ஆறுதலும் சொல்லவில்லை, புத்தியும் சொல்லவில்லை. “நுவ்வு தின்னாவாம்மா?” என்றார். நீ சாப்பிட்டியாம்மா. அவள் அப்போதுதான் அழுதாள்.

இவருக்கு உளவியல் தெரியாது. ஆனால் அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்த இடைவெளியை அவர் நிரப்பவில்லை. அது சாதாரண விஷயம் இல்லை. 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வு பத்து மொழிகளை எடுத்துக்கொண்டு, ஒருவர் முடித்ததிலிருந்து மற்றவர் பதில் ஆரம்பிக்கிற இடைவெளியை அளந்தது. மொழிக்கு மொழி கொஞ்சம் வித்தியாசம் உண்டென்றாலும், சராசரி ஏறக்குறைய 200 மில்லி விநாடி. அந்த நேரத்துக்குள் ஒரு வாக்கியத்தை யோசித்துத் தயார் செய்ய மூளையால் முடியாது. அப்படியென்றால் எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைச் செய்ய ஆரம்பித்துவிடுகிறோம். இது எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு, குற்றம் இல்லை. நீங்கள் கேட்கிற ‘விழிப்போடு வாழ்வது’ என்பதற்கு என்னைக் கேட்டால் இங்கேதான் வேலை இருக்கிறது. உள்ளே பதில் உருவாகிக்கொண்டிருப்பதைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, அதைக் கொஞ்சம் கிடப்பில் போட வேண்டும். அதிகாலை தியானமும் செயலியும் வேண்டாம் என்று சொல்லவில்லை, செய்கிறவர்கள் செய்யட்டும். ஆனால் இருபது நிமிஷம் மூச்சைக் கவனித்துவிட்டு எழுந்து, பெண்டாட்டி பேசும்போது பாதியில் வெட்டுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

இனி, வீட்டுக்குள் நுழைந்ததும் வாய் அடைத்துக்கொள்கிறது என்றீர்களே, அதற்கு வருகிறேன். அந்நியரிடம் வருகிற பேச்சு வீட்டில் ஏன் வருவதில்லை?

ஒரு காரணம் பழசு. ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908-லேயே எழுதிவிட்டார்: பாவமன்னிப்புக் கேட்பது போல மனிதர்கள் அந்நியரிடம் மனதைத் திறப்பார்கள், நெருங்கியவரிடம் அதையே மறைப்பார்கள் என்று. ரேணிகுண்டாவில் இறங்கிப் போய்விடுகிறவருக்கு உங்கள் கதை தெரிந்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. நகரியில் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் ஏகாம்பரகுப்பம் வரைக்கும் போய்விடும். நம் ஊர்களில் ஆழமான பேச்சு குறைவாக இருப்பதற்கு மனிதர்கள் மேலோட்டமானவர்கள் என்பது காரணமில்லை. சொன்னது தங்காது என்ற பயம் காரணம். உங்கள் மச்சான் உங்களிடம் தன் கடனைப் பற்றிச் சொன்னால், அது உங்கள் மனைவியின் வழியாக மாமியார் காதுக்குப் போகாது என்று அவருக்கு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையை ஒரே நாளில் உண்டாக்க முடியாது. யாரோ சொன்ன வேறொரு விஷயத்தை நீங்கள் வெளியே விடாமல் இருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டு மனிதரை நமக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். 2011-ல் சவிட்ஸ்கி, கெய்சார், எப்லி முதலானோர் ஒரு சோதனை செய்தார்கள். கணவன் மனைவியை ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி உட்காரவைத்தார்கள். ‘இங்கே வெக்கையாக இருக்கிறது’ என்பது போலப் பல அர்த்தம் வரக்கூடிய ஒரு வாக்கியத்தை ஒருவர் சொல்ல, மற்றவர் அவர் நினைத்த அர்த்தம் எது என்று சொல்ல வேண்டும். அதே வாக்கியத்தை அந்நியரும் கேட்டார். தம்பதிகள் அந்நியரைவிட நன்றாகப் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் தங்கள் துணைக்கு நிச்சயம் புரிந்திருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். வருஷக்கணக்கில் கூட வாழ்ந்ததில் நம்பிக்கை மட்டும்தான் ஏறியிருந்தது, புரிதல் ஏறவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆனபிறகும் ‘நான் அதைச் சொல்லலை’ என்று எத்தனை வீட்டில் சண்டை ஆரம்பிக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

‘சரி, அவங்க இடத்துல இருந்து யோசிக்கிறேன்’ என்பீர்கள். எல்லாரும் சொல்கிற அறிவுரை அது. 2018-ல் தல் எயல், மேரி ஸ்டெஃபல், நிக்கலஸ் எப்லி மூவரும் 25 சோதனைகள் நடத்தி இதையே பரிசோதித்தார்கள். அடுத்தவர் இடத்தில் தன்னை வைத்து யோசித்தவர்களுக்கு அடுத்தவர் மனசு கூடுதல் துல்லியமாகத் தெரிந்துவிடவில்லை. துல்லியம் கூடியது ஒரே வழியில்: நேரே போய்க் கேட்டபோது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு நாள் வகுப்பில் ‘அடுத்தவர் நிலையில் நின்று பார்’ என்று நடத்திக்கொண்டிருந்தோம். கேள் என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிட்டது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: புது ஆட்களைத் தேடாதீர்கள், புதுத் தலைப்பும் தேடாதீர்கள். தெரியும் என்று நினைக்கிற ஆளிடம், தெரியும் என்று நினைக்கிற விஷயத்தைக் கேளுங்கள். உங்கள் அப்பா ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தார்? ‘தாத்தா தறி வைத்திருந்தார், அதனால்’ என்று உங்களிடம் ஒரு பதில் இருக்கும். அது அவருடைய பதில் இல்லை. அவருக்கு மூன்று அண்ணன் தம்பிகள் இருந்து, இவர் ஒருத்தர்தான் தறியில் உட்கார்ந்தார் என்றால், அதில் ஒரு கதை இருந்தே தீரும்.

இந்த இடத்தில் உங்கள் அம்மாவைப் பற்றி ஒன்று கேட்கிறேன். கடிதத்தில் அவர் எங்குமே வரவில்லை. நம் வீடுகளில் அம்மாதான் செய்தி கடத்துகிற கம்பி. “உங்க அப்பா வீடு பூசணும்னு நினைக்கிறாரு” என்று உங்களிடம் சொல்வார். “பிள்ளைக்குக் கையில காசில்லையாம்” என்று அவரிடம் சொல்வார். இரண்டு பக்கத்துக் கோபத்தையும் பாதியாகக் குறைத்து, பாசத்தை ஒன்றரையாகக் கூட்டித்தான் அனுப்புவார். அப்பாவும் பிள்ளையும் முப்பது வருஷமாக நேரே பேசாமல் காலம் தள்ள முடிவதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். அவர் இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. ஆனால் கம்பியிடம் யாரும் ‘உனக்கு என்ன’ என்று கேட்பதில்லை. என்னிடம் வருகிற குடும்பங்களில், ‘ஆழமாகப் பேச ஆசை’ என்று சொல்கிறவர்கள் அநேகமாக ஆண்கள். கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனவர்கள் பெண்கள். தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே வீட்டில் எல்லாருடைய கதையையும் கேட்கிறவர் அம்மாதான். நீங்கள் முதலில் அப்பாவிடம் போக வேண்டும் என்று ஏன் முடிவு செய்தீர்கள்?

எங்கே, எப்போது பேசுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எதிரெதிரே உட்கார்ந்து, ‘உங்களிடம் கொஞ்சம் பேசணும்’ என்று ஆரம்பித்தால் நம் ஊர் அப்பாக்கள் கடன் கேட்கப் போகிறான் என்றோ, காதல் விஷயம் என்றோ நினைத்துவிடுவார்கள். தறி ஓடும்போது பேச முடியாது, நாடா அடிக்கிற சத்தத்தில் சைகைதான். கரண்ட் போனதும் தறி வீடு ‘ஙொய்’ என்று அடங்கும் பாருங்கள், அந்த நேரத்தில் அப்பா திண்ணைக்கு வந்து துண்டால் முகத்தைத் துடைப்பார். இரண்டு பேரும் ஒரே பக்கம் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. கரண்ட் வந்தால் பேச்சு முடிந்துவிடும் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். நல்ல ஏற்பாடு. இல்லையென்றால் திருத்தணிக்கு ஒன்றாகப் பஸ்ஸில் போங்கள்.

அவர் “கரண்ட் போச்சு பார்” என்று சொன்னால் அதுவும் ஓர் அழைப்புதான். அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் இளம் தம்பதிகளைக் கவனித்து, ஒருவர் சும்மா ஒரு வார்த்தை போடும்போது மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா என்று எண்ணினார். ஆறு வருஷம் கழித்துச் சேர்ந்தே இருந்தவர்கள் முன்பு 100-க்கு 86 தடவை திரும்பியிருந்தார்கள். பிரிந்துவிட்டவர்கள் 33 தடவை. திரும்பியவர்கள் பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. ‘ஆமா, போச்சு’ என்ற அளவில்தான் பெரும்பாலும்.

சிக்கல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். வாரன் வீவர் என்ற கணித அறிஞர் 1948-ல் ஒரு கட்டுரையில் விஞ்ஞானத்தின் கேள்விகளை மூன்றாகப் பிரித்தார். இரண்டு மூன்று காரணிகள் மட்டும் உள்ள எளிய கேள்விகள் ஒரு வகை. கோடிக்கணக்கான துகள்கள் தாறுமாறாக ஓடுவது போன்றவை இன்னொரு வகை, அவற்றைச் சராசரி போட்டுச் சொல்லிவிடலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு வகை: காரணிகள் அவ்வளவு அதிகமில்லை, ஆனால் ஒவ்வொன்றும் மற்றதோடு பின்னிக்கிடக்கும். எளிய சூத்திரமும் செல்லாது, சராசரியும் செல்லாது. குடும்பம் இந்த நடு வகை.

ஒரு வீட்டைச் சொல்கிறேன், அடையாளம் மாற்றித்தான். மகன் தறிகளை விற்றுவிடலாம் என்கிறார். அப்பா முடியாது என்கிறார். பார்ப்பதற்குப் பணத்தகராறு. உட்கார்ந்து கேட்டால், அந்தத் தறி வாங்கப் போட்ட பணத்தில் அத்தையின் நகை இருக்கிறது. அந்த நகை திரும்பவில்லை. விற்றால் அத்தை பங்கு கேட்பாள் என்று அம்மாவுக்குப் பயம். அத்தையின் பெண்ணை மகனுக்குக் கேட்டு மறுத்த கதை ஒன்று அதற்கு முன்னால். மகனுக்கு இது ஒன்றுமே தெரியாது. அப்பா பிடிவாதக்காரர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அப்பாவுக்கோ மகனுடைய கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்பது தெரியாது. இதில் ‘மனம்விட்டுப் பேசுங்கள்’ என்று நான் பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருந்தால், இருவரும் மனம்விட்டுத் திட்டியிருப்பார்கள். ஒவ்வொரு நுனியாகத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு நுனியை இழுத்தால் இன்னொன்று இறுகியது. மூன்றாவது வாரத்தில் நிலைமை முதல் வாரத்தைவிட மோசமாகத் தெரிந்தது. அதற்கப்புறம்தான் அத்தையைக் கூப்பிடுவது என்று அம்மாவே முடிவு செய்தார்.

ஆகையால் ஒரு பேச்சில் எல்லாம் சரியாகிவிடும் என்று போகாதீர்கள். போன வாரம் எடுபட்ட கேள்வி இந்த வாரம் எரிச்சலைக் கிளப்பும். நீங்கள் மாறியிருப்பீர்கள், அவர் மாறியிருப்பார், நடுவில் ஒரு போன் வந்திருக்கும்.

இப்படி ஒரே பேச்சில் முடியாமல் வருஷக்கணக்கில் நீண்ட பேச்சுக்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. தத்துவச் சிந்தனையாளர் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி 1895-ல் மதனப்பள்ளியில் பிறந்தவர். ரிஷி வேலிப் பள்ளியும் அந்த ஊர்ப் பக்கம்தான். இயற்பியலாளர் டேவிட் போம் அவரை 1960-களின் தொடக்கத்தில் சந்தித்து, இருபது வருஷத்துக்கு மேல் அவரோடு உரையாடினார். அந்தப் பதிவுகளைக் கேட்டால் முதலில் பொறுமை போய்விடும். ஒரு சொல்லிலேயே நின்றுவிடுவார்கள். ‘பொறுங்கள், இதை நிஜமாகவே பார்க்கிறோமா, இல்லை ஒப்புக்கொள்கிறோமா?’ என்கிற மாதிரித் திரும்பத் திரும்ப வரும். போம் பின்னால் இதிலிருந்து ஒரு முறையையே உருவாக்கினார். இருபதிலிருந்து நாற்பது பேர் வட்டமாக உட்கார வேண்டும். தலைவர் இல்லை, பேச்சுப் பொருள் இல்லை, தீர்மானம் எடுக்க வேண்டியதும் இல்லை. அவரவர் முன்முடிவை எதிராளி மீது எறியாமலும் உள்ளே அமுக்காமலும் எல்லார் பார்வைக்கும் படும்படி தொங்கவிட வேண்டும். கேட்க எளிது. ஆனால் நம் பஞ்சாயத்து மேடையில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் தீர்ப்போடுதான் வருகிறார்கள். வீட்டில் அதை முயல வேண்டாம். அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: இதைப் பார்க்கிறேனா, ஒப்புக்கொள்கிறேனா? அதையும் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அப்பாவிடம் வேண்டாம்.

மொழி நம் பக்கத்தில் ஒரு தனி விவகாரம். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நகரியும் புத்தூரும் ஆந்திராவில் நின்றன. சம்பந்தம் மட்டும் இன்றைக்கும் இரண்டு பக்கமும் போய்வருகிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, வேலையில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள் நாம். பிறந்த மொழியில் உணர்ச்சிச் சொற்களின் கனம் பெரும்பாலோருக்குக் கூடுதல், பிறகு கற்ற மொழியில் கொஞ்சம் விலகி நிற்க முடிகிறது என்பது பன்மொழியாளர்களை ஆராய்ந்தவர்கள் கண்டது. எங்கள் பக்கம் பாருங்கள், பாகப்பிரிவினைப் பேச்சு திடீரென்று தெலுங்குக்கு மாறும், அழுகை வரும்போது தமிழுக்குத் திரும்பும். நீங்கள் வீடியோ பார்ப்பது ஆங்கிலத்தில் என்றால், வீட்டுக்குள் வாய் அடைப்பதில் ஆச்சரியமில்லை. அந்தச் சொற்களை மொழிபெயர்த்து அப்பாவிடம் கொண்டு போகாதீர்கள். “நீங்கள் உணர்வுரீதியாக என்னிடமிருந்து விலகி இருக்கிறீர்கள்” என்று அவரிடம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவார். “உங்ககிட்ட பேசணும்னு இருக்கு நைனா, என்ன பேசறதுன்னுதான் தெரியலை” என்றால் புரியும்.

கூச்சம் கட்டாயம் இருக்கும். அது நாம் நினைக்கிற அளவு இருக்காது என்பது மட்டும் உறுதி. 2021-ல் கர்தாஸ், குமார், எப்லி ஆகியோர் முன்பின் தெரியாதவர்களை ‘நீங்கள் இன்னொருவர் முன்னால் அழுத ஒரு சமயத்தைச் சொல்லுங்கள்’ என்கிற மாதிரிக் கேள்விகளோடு பேசவைத்தார்கள். ரொம்ப தர்மசங்கடமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னவர்கள், பேசிமுடித்த பிறகு அவ்வளவு இல்லை என்றார்கள். எதிராளிக்கு நம் கதையில் அக்கறை இருக்காது என்று குறைத்து எடைபோட்டதுதான் பயத்துக்குக் காரணம். இன்னொன்று, 36 கேள்விகள் என்று ஒரு பட்டியல் சுற்றுகிறதே, அது ஆர்தர் ஆரன் 1997-ல் வெளியிட்ட ஆய்வுக்குச் செய்தது. முக்கால் மணி நேரத்தில் இரண்டு அந்நியர்களுக்கு நடுவே தற்காலிக நெருக்கத்தைச் சோதனைக்கூடத்தில் உண்டாக்க முடியுமா என்று பார்க்க. அதை அச்செடுத்து அப்பாவிடம் நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நண்பர்களோடு ஒரு ராத்திரி முயன்று பாருங்கள், மீம் குழுவுக்கு அது போதும்.

எல்லாவற்றையும் திறந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அப்பா ஒரு இடத்தில் பேச்சை நிறுத்தினால் நிறுத்தட்டும். வீட்டில் அடி, மிரட்டல் இருக்கிற இடத்தில் ‘ஆழமாகப் பேசு’ என்பது ஆபத்தான யோசனை. அங்கே முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் பேச்சு. யாராவது வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரிச் சொன்னால், நல்ல நண்பனாகக் கேட்டால் மட்டும் போதாது. 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் எண், கட்டணம் இல்லை, தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். அவரோடு உட்கார்ந்து நீங்களே போட்டுக் கொடுங்கள், பிறகு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கடைசியாக உங்கள் மனைவி. ‘விசாரணை’ என்று அவர் சொன்னது சரியான புகார். கேள்வி மட்டும் கேட்டு, தன் பக்கத்தில் ஒன்றும் சொல்லாதவரை வேறு என்ன என்று சொல்வது? ஆரன் சோதனையிலும் இருவரும் மாறி மாறிப் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. முதலில் உங்களுடையதை வையுங்கள், அதுவும் சின்னதாக. ஆபீஸில் நேற்று எதற்குப் பயந்தீர்கள், அம்மாவிடம் எதை மறைத்தீர்கள், அந்த மாதிரி. சொல்லிவிட்டு, ‘உனக்கு?’ என்று உடனே திருப்பாதீர்கள். அவர் வேறு வேலையைப் பார்க்கப் போனால் போகட்டும். இரண்டு நாள் கழித்து வெங்காயம் அரியும்போது ஒரு கேள்வி வரும், அநேகமாக உங்களுக்குப் பிடிக்காத கேள்வி: சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்பது போல. அதற்கு முழுசாகப் பதில் சொல்லுங்கள்.